உவர்

பத்த வைக்கமுன் காதடியில் உருட்டுவேன்.
நன்றாய்ச் சுற்றின சுருட்டு பேசாது.
நொறுநொறுத்தால் உள்ளே தூள்.
தூளென்றால் ஆரோ என்னை
விசரியாக்கப் பார்க்கிறான்.

பிறகு விரல். நடுவில் பள்ளமா,
காம்பு தட்டுப்படுதா,
மேலிலை நரம்பு ஒரே பக்கம் சரிகிறதா.
நெருப்பில்லாமல் ஒரு இழுவை:
பாணி இனிக்கும், ஊமல் புகை மணக்கும்.
இதுவரைக்கும் எல்லாரும் நல்லவர்கள்.

மேல்வரிசையில் எனக்கு நாலு பல் இல்லை.
புகை அந்த ஓட்டையால் ஏறி
மூக்கின் பின்பக்கம் போய்க் குந்தும்.
கொக்குவில் கிட்டங்கியில்
என்னைவிட நாக்குள்ள ஆண்கள் இருக்கினம்,
இந்த ஓட்டை அவைக்கு இல்லை.
தொகுதிக்கு இருநூறு ரூபாய், அரைக் கட்டுச் சுருட்டு.
நான் சொல்வது ஒரு சொல்:
போகும். அல்லது, போகாது.

முதல் அங்குலம் கலியாணத் தரகர்,
எல்லாம் சீர், எல்லாம் சொத்து.
இரண்டாம் அங்குலத்தில்தான்
மண் வாய் திறக்கும்.

திரவியநாதன் ஆறாயிரம் கொண்டுவந்திருந்தான்.
"இணுவில் செம்பாட்டு இலை, அக்கா."
சேட்டுப் பைக்குள்
பைனான்ஸ்காரன் எழுதின துண்டு
மடித்தபடி வெளியே தெரிந்தது.
மாத்தறை ஆரியவன்ச முதலாளி
கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார்.
அவர் புகைக்கிறதில்லை.
சாம்பலைத்தான் பார்ப்பார்.

வெறுந்தேத்தண்ணியால் வாய் கொப்பளித்துப்
பத்த வைத்தேன்.
கொத்தமல்லி வறுத்த மணம்,
அடியில் பழைய தோல்.
இழைத்த கை நல்ல கை, புகை இறுகாமல் வந்தது.
இரண்டாம் அங்குலம்:
நாக்கின் இரு கரையும் சுருங்கின.
கொள்ளி கறுத்தது.

தண்ணி.
இணுவில் கிணறு இப்படிக் கதைக்காது.
இது அரியாலைப் பக்கம், கடல்நீரேரிக்குக் கிட்ட,
கோடையில் கீழ்ப்படியில் வெள்ளை பூக்கிற கிணறு.
அதில் இறைத்த இலைக்கு
நெருப்பு சம்பந்தி மாதிரி,
வந்து இருந்துவிட்டு எழும்பிப் போகும்.

மறுபடி பத்த வைத்தேன்.
"காத்து," என்றான் திரவியநாதன்.
ஜன்னல் சாத்தியிருந்தது.

அவனைப் பார்க்காமல்
அவன் கையைப் பார்த்தேன்.
நகத்துக்குள் இலைப்பால் கறுத்துக் கிடந்தது.
இழைத்தது அவன்தான், கூலிக்கு ஆள் வைக்கவில்லை.
ஆறாயிரம். இரவிலும் இழைத்திருப்பான்.

ஏன் செய்தேன் என்று கேட்காதேங்கோ.
நெருப்பை விடாமல் இழுத்தேன்.
ஒரு இழுவை ஆறமுன் மற்றது,
அணைய நேரம் கொடுக்காமல்.
சாம்பல் ஒரு விரற்கடை நீண்டது,
வெள்ளையுமில்லை, கறுப்புமில்லை.
தலை சுற்றியது. சுவரிலிருந்த கலண்டரில்
செவ்வாயும் புதனும் இடம் மாறின.

"கொஹொமத?" என்றார் முதலாளி.

போகும் என்றால் பொய்.
போகாது என்றால் அந்தத் துண்டு.
இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை
மூன்று சொல் சொன்னேன்:
"விடாமல் இழுக்கிறவைக்குப் போகும்."

அவர் சிரித்தார்.
மாத்தறையில் லொறிக்காரர் அப்பிடித்தானாம்,
கை விட்டு வைக்கமாட்டினமாம்.
விலையில் கொஞ்சம் அடித்துவிட்டு எடுத்தார்.

படலையடியில் திரவியநாதன் காசு நீட்டினான்.
"உன்ர கிணத்தை இறை," என்றேன்,
"மழை வரமுன் ஒருக்கா ஒட்ட இறை."
எந்தக் கிணறென்று அவன் கேட்கவில்லை.
எனக்கு அது போதவில்லை. போதாமலே
சைக்கிளில் ஏறினேன்.

அன்றிரவு சொதியை நானே உப்புப் பார்த்து இறக்கினேன்.
மகன் ஒரு வாய் வைத்துவிட்டுக்
கோப்பையைத் தள்ளினான்:
"அம்மா, உப்பே போடேல்லையே?"

எனக்கு அது அளவாய்த்தான் இருந்தது.